ரயில் கூரையில் ஒரு துளை: குற்றத் தொடர்களில் எதைப் பார்ப்பது?

2016 ஆகஸ்ட் 8ஆம் தேதி இரவு சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குக் கிளம்பிய விரைவு ரயிலின் பார்சல் பெட்டியில் 342 கோடி ரூபாய் இருந்தது. சேலம் வட்டார வங்கிகளில் சேர்ந்த பழைய, கிழிந்த நோட்டுகள். மரப்பெட்டிகளில் அடைத்து, துப்பாக்கி ஏந்திய காவலர் துணையோடு ரிசர்வ் வங்கிக்கு அனுப்பியிருந்தார்கள். ரயில் அயோத்தியாப்பட்டணம், ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம் வழியாக ஓடி விடிவதற்குள் எழும்பூர் சேர்ந்துவிட்டது. காலையில் பெட்டியைத் திறந்தபோதுதான் கூரையில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு வெட்டியிருந்த துளை தெரிந்தது. ஏறத்தாழ 5.78 கோடி ரூபாயைக் காணோம்.

வழக்கு சிபிசிஐடியிடம் போனது. அவர்களுக்குக் கிடைத்த முதல் பிடி, ரயில் பாதையே. சேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே அப்போது மின்பாதை கிடையாது. டீசல் இன்ஜின்தான் இழுத்தது. விருத்தாசலத்தைத் தாண்டிவிட்டால் தலைக்கு மேல் 25,000 வோல்ட் மின்கம்பி. கூரைமேல் ஆள் உட்கார முடியாது. ஆக, வேலை விருத்தாசலத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தத் தடத்தின் செல்பேசி கோபுரங்களில் அன்றிரவு பதிவான எண்களை ஒவ்வொன்றாகச் சலித்தார்கள். அதற்கே மாதங்கள் ஆயின. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கும்பல் ஒன்றின் ஆட்கள் கைதானது 2018 அக்டோபரில். இதற்கிடையில், கொள்ளை நடந்து சரியாக மூன்று மாதம் கழித்து, 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. திருடியவர்கள் கையில் மிச்சமிருந்த பணம் பழைய காகிதமாகிப் போனது.

எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இந்த முடிவை எழுதத் தயங்குவார். தற்செயல் அளவுக்கு மீறிவிட்டது என்று கதை விவாதத்திலேயே வெட்டிவிடுவார்கள். ஆனால் ஒரு குற்றத்தையும் அதன் புலனாய்வையும் நல்ல தொடர் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான மாதிரி சேலத்துக்காரர்களுக்கு வேண்டாம். இதில் இடம் இருக்கிறது: எந்த ஊரிலிருந்து எந்த ஊர்வரை மின்கம்பி இல்லை என்ற அறிவு. வேலை இருக்கிறது: சலிப்பான, நீண்ட, பொறுமையான வேலை. காலம் இருக்கிறது: இரண்டு ஆண்டுகள். நாட்டு நடப்பு வந்து குற்றவாளியின் கணக்கையும் போலீசின் கணக்கையும் ஒரே இரவில் மாற்றுவதும் இருக்கிறது. மேதைத் துப்பறிவாளர் ஒருவர்கூட இல்லை.

இன்று சேலத்தின் நெசவுப் பகுதியான அம்மாபேட்டையில் ஒரு வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்து டிவி முன்னால் உட்கார்ந்தால், திரையில் வரிசையாக நிற்பவை பெரும்பாலும் குற்றத் தொடர்களே. பிரைம் வீடியோ, ஜீ5, ஜியோஹாட்ஸ்டார், சோனிலிவ், நெட்ஃபிளிக்ஸ் என்று எந்தக் கடையைத் திறந்தாலும் ஒரு பிணம், ஒரு காக்கிச் சட்டை, இருட்டில் ஒரு முகம். எட்டு எபிசோடு கொண்ட ஒரு தொடருக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் போகும். கூலிக்குத் தறி ஓட்டும் குடும்பத்துக்கு ஆறு மணி நேரம் என்பது வேலைநாளின் பெரும்பகுதி. அதை எதற்குக் கொடுப்பது என்பது யோசித்துத் தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. கைத்தறிக் குழியில் உட்கார்ந்திருப்பவரின் கண் பாவு நூலை விட்டு நகரக் கூடாது. ஓர் இழை அறுந்தாலும் நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். காதுக்குத்தான் ஓய்வு. அதனால்தான் தறிக்கூடங்களில் பல காலம் வானொலி ஓடியது. இப்போது செல்பேசி சுவரில் சாய்ந்து நிற்கிறது. விசைத்தறிக் கூடத்தில் அந்த வசதியும் இல்லை. சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஆகவே ஒரு தொடர் எவ்வளவு பேச்சால் ஆனது, எவ்வளவு பார்வையால் ஆனது என்பதும் இங்கே தேர்வின் ஒரு பகுதி. சப்டைட்டில் படித்துப் பார்க்க வேண்டிய வடநாட்டுத் தொடரை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம். தமிழில் வழக்குப் பேசும் தொடர் வேலை நேரத்திலும் காதில் விழும்.

குற்றக் கதை சேலத்துக்கு ஓடிடியோடு வந்து சேர்ந்த புதுச்சரக்கு இல்லை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தை 1930களின் நடுவில் தொடங்கிய டி.ஆர்.சுந்தரம் நெசவும் நூல் வணிகமும் அறிந்த குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்து வந்தவர். அவர் 1950இல் எடுத்த ‘திகம்பர சாமியார்’ வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலிலிருந்து உருவானது; வில்லனாகவே நாம் நினைவில் வைத்திருக்கும் எம்.என்.நம்பியார் அதில் பல வேடமிட்டு உண்மையைத் தோண்டும் நாயகன். சுந்தரம் 1963இல் மறைந்த பிறகும் அந்த வழி நிற்கவில்லை. ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’ (இரண்டும் 1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) என்று ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்டாக ஆக்கியதில் பெரும் பங்கு இந்தச் சேலத்து ஸ்டுடியோவுக்கு. இன்று அங்கே நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது.

படத்துக்குப் பக்கத்தில் புத்தகம் நடந்தது. தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்-வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி. பேருந்து நிலையக் கடையில் மாத நாவல் வாங்கி, ஈரோடு போய்ச் சேர்வதற்குள் கொலையாளியைக் கண்டுபிடித்தவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். பிறகு சின்னத்திரை. சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, பாலசந்தரின் நிறுவனம் தயாரித்த ‘மர்மதேசம்’ 1990களின் பின்பாதியில் வாரம் ஒருமுறை வந்தது. அடுத்த வாரம்வரை காத்திருந்து, தெருவில் நின்று ‘யாராக இருக்கும்’ என்று பேசிய தலைமுறை அது. அதன் ‘விடாது கருப்பு’ பகுதியில் காவல் தெய்வத்தின் மீதான பயமும் மனநோய் பற்றிய மருத்துவமும் ஒரே கிராமத்தில் மோதின. குற்றத்துக்கு ஓர் ஊர் வேண்டும் என்பதைத் தமிழ்ச் சின்னத்திரை அங்கேதான் சரியாகக் கற்றுக்கொண்டது.

அந்தப் பாடத்தை நினைவில் வைத்தே இன்றைய தொடர்களை எடை போட வேண்டும். ஒரு குற்றத் தொடரின் முதல் எபிசோடைப் பார்க்கும்போது கொலையாளி யார் என்று தேடுவதைவிட, ஊர் இருக்கிறதா என்று தேடுவது நல்லது. யார் வீட்டில் யார் வேலை செய்கிறார்கள், எந்தச் சாதி எந்தத் தெருவில், கோயில் யார் கையில், ஆலை யாருடையது, போலீஸ் நிலையத்துக்கு வருகிறவர் செருப்பை எங்கே விடுகிறார். இவை தெரியாத இயக்குநரால் குற்றத்தின் காரணத்தைச் சொல்ல முடியாது. காரணம் இல்லாத இடத்தை நிரப்பத்தான் அவர் திருப்பங்களைக் கொண்டுவருகிறார்.

புஷ்கர்-காயத்ரி உருவாக்கி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கி, 2022 ஜூனில் பிரைம் வீடியோவில் வந்த ‘சுழல்’ இந்த அளவுகோலில் உயர்ந்து நிற்கிறது. சாம்பலூர் என்ற கற்பனை ஊர், ஒரு சிமென்ட் ஆலை, ஆலையில் தீ, தொழிற்சங்கத் தலைவரின் மகளைக் காணோம். தேடல் நடக்கும் நாட்கள் முழுக்க ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா. மாசி சிவராத்திரியை ஒட்டி அங்காளம்மன் வேடமிட்டவர்கள் சுடுகாட்டுக்குத் திரண்டு போவதைச் சேலத்துக்காரர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். காளியின் நீட்டிய நாக்கும் முகமெல்லாம் பூசிய நிறமும் மயான மண்ணும் அவர்களுக்கு அந்நியமில்லை. தொடரில் அந்தத் திருவிழா வண்ணத்துக்காக ஒட்டிவைத்த துண்டாக இல்லாமல், ஒவ்வொரு நாள் சடங்கும் கதையின் ஒவ்வொரு அடுக்கோடு சேர்ந்தே நகர்கிறது. வேடத்துக்குள் இருப்பவர் யார் என்ற கேள்வியும், வீட்டுக்குள் இருப்பவர் யார் என்ற கேள்வியும் ஒன்றாகின்றன. கதிர், ஐஸ்வர்யா ராஜேஷ், பார்த்திபன், ஸ்ரியா ரெட்டி நால்வரில் ஸ்ரியாவின் இன்ஸ்பெக்டர் ரெஜினா தனியாகப் பேசப்பட வேண்டியவர்: அதிகாரியாகவும் தாயாகவும் ஒரே நேரத்தில் நொறுங்கும் பாத்திரம். 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் சீசன் வேறு ஊர், வேறு திருவிழா என்று அதே அச்சில் வார்க்கப்பட்டது. திருவிழா அதில் பிரம்மாண்டமாகிவிட்டது, ஊர் மெலிந்துவிட்டது. முதல் சீசனோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு நட்டமில்லை.

2022 டிசம்பரில் வந்த ஆண்ட்ரூ லூயிஸின் ‘வதந்தி’ குமரி மாவட்டத்தைத் தன் களமாக எடுத்துக்கொண்டது. ஒரு படப்பிடிப்புத் தளத்தில் பெண்ணின் உடல் கிடக்கிறது. பிரபல நடிகை என்று முதலில் செய்தி பரவுகிறது. பிறகுதான் அவள் வெலோனி என்ற ஆங்கிலோ-இந்தியப் பெண் என்று தெரிகிறது. எஸ்.ஜே.சூர்யா நடித்த சப்-இன்ஸ்பெக்டருக்குக் கிடைப்பதெல்லாம் அவளைப் பற்றி ஊர் சொன்ன கதைகள். ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு வெலோனி. செத்துப்போன பெண்ணைப் பற்றி ஊர் எப்படிப் பேசும் என்பதுதான் இதன் உண்மையான பொருள். எட்டு எபிசோடுக்கு இழுத்திருக்க வேண்டியதில்லை. நடுவில் இரண்டு சுற்று அதிகம். ஆனாலும் பெண் கொலையுண்டால் முதலில் அவள் நடத்தையைத் தோண்டும் வழக்கத்தை இவ்வளவு நேராகக் காட்டிய தமிழ்த் தொடர் வேறு இல்லை.

ஊரைப் போலவே வேலையும் முக்கியம். பெரும்பாலான தொடர்கள் இங்கேதான் தேர்வில் விழுகின்றன. கடைசி எபிசோடில் சந்தேகத்துக்குரியவர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார், இசை உயரும், கதை முடியும். சட்டப்படி பார்த்தால் அங்கே எதுவுமே முடியவில்லை. போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமும் அதையே 23ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. அந்த வாக்குமூலத்தைக் கொண்டு கிணற்றிலிருந்து கத்தியோ புதரிலிருந்து நகையோ எடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்பைச் சார்ந்த பகுதி மட்டும் செல்லும். வெள்ளைக்காரன் காலத்திலேயே இப்படி ஒரு தடை போட்டதற்குக் காரணம், அடித்து வாங்கும் வாக்குமூலம் பற்றிய அனுபவம்.

இந்த ஒரு சட்டப் புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு தொடர் பார்த்தால் பதரும் நெல்லும் பிரிந்துவிடும். லாக்கப்பில் அடிப்பதைப் புலனாய்வுத் திறமையாகக் காட்டும் தொடர் பார்வையாளருக்குத் தவறான பாடம் நடத்துகிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் தந்தையும் மகனும் என்ன ஆனார்கள் என்பதை அறிந்த மாநிலம் இது. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவலிலிருந்து வெற்றிமாறன் ‘விசாரணை’ எடுத்த மாநிலமும் இதுவே. இங்கே எழுதப்படும் குற்றத் தொடர் அந்த அறையை அறியாததுபோல் நடந்துகொள்ள முடியாது.

பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கிய ‘விலங்கு’ (ஜீ5, 2022 பிப்ரவரி) அந்த அறையை அறிந்த தொடர். திருச்சி வட்டாரத்தில் வேம்பூர் என்ற நிலையம். விமல் நடித்த சப்-இன்ஸ்பெக்டர் பரிதிக்கு வீட்டில் நிறைமாத மனைவி. நிலையத்தில் மேலதிகாரியின் நெருக்கடி. காட்டில் அழுகிய உடல். ஏழு எபிசோடுகளில் நிலையத்தின் அன்றாட வேலை முழுதாக விரிகிறது: எழுத்தர் எஃப்.ஐ.ஆர். எழுதும் விதம், கைதியைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போவது, பந்தோபஸ்து, விடுப்பு கேட்டு நிற்பது, ஒருவர் தவறை இன்னொருவர் மறைப்பது. அடியும் இருக்கிறது, அதை வீரமாகக் காட்டவில்லை, அதனால் என்ன தவறிப்போகிறது என்பதையும் கதைக்குள்ளேயே வைத்திருக்கிறது. எளியவர் என்று யாரை நாம் கவனிக்காமல் விடுகிறோம் என்ற கேள்விதான் இதன் முடிச்சு. அதற்குமேல் சொன்னால் பார்க்கப்போகிறவருக்குத் துரோகம். தமிழில் ஒரே ஒரு குற்றத் தொடர்தான் பார்க்க நேரம் உண்டு என்பவருக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம்.

இதே வகையில் மலையாளத்தின் ‘கேரளா கிரைம் ஃபைல்ஸ்’ முதல் சீசனும் (2023) தமிழ் டப்பிங்கில் கிடைக்கிறது. ஒரு லாட்ஜ் அறையில் பெண் ஒருத்தி கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். போலீசிடம் உள்ள துப்பு, லாட்ஜ் பதிவேட்டில் கொலையாளி எழுதிவைத்த பொய் முகவரி ஒன்றுதான். ஆறு எபிசோடும் அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு நடக்கின்றன. துப்பாக்கிச் சண்டை இல்லை, காரில் துரத்தல் இல்லை. வீடு வீடாகப் போய் விசாரித்தல் உண்டு. ரயில் கொள்ளையில் கோபுர எண்களைச் சலித்த அதிகாரிகளின் வேலைக்கு மிக அருகில் வருவது இந்த மாதிரிக் கதைதான்.

விகடன் தயாரித்த ‘நவம்பர் ஸ்டோரி’ (2021) வேறு மாதிரி. நினைவு மங்கிவரும் குற்ற நாவலாசிரியர் ஒருவர் கொலை நடந்த இடத்தில் நிற்கிறார்; மகள் அவரைக் காப்பாற்ற முனைகிறாள். மகளாக வரும் தமன்னாவைவிட, எழுத்தாளராக வரும் ஜி.எம்.குமாரும், பிணக்கூறு ஆய்வு செய்பவராக வரும் பசுபதியும் நினைவில் நிற்கிறார்கள். மாத நாவல் படித்து வளர்ந்தவர்களுக்கு இதன் கட்டமைப்பு பிடிக்கும். நந்தினி ஜே.எஸ். இயக்கிய ‘இன்ஸ்பெக்டர் ரிஷி’ (2024) காட்டையும் பேயையும் புலனாய்வோடு சேர்த்த முயற்சி; பத்து எபிசோடு என்பது அதற்கு நீளம்.

உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்த தொடர்களுக்கு இன்னும் கடுமையான அளவுகோல் வேண்டும். இங்கே சேலம் நேரடியாகவே வருகிறது. திருவான்மியூரில் ஆறு பேரைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டது சேலம் மத்தியச் சிறையில். அந்தக் கதையை ஜீ5 2019இல் ‘ஆட்டோ சங்கர்’ என்ற பெயரிலேயே தொடராக்கியது. சரத் அப்பானி சங்கராக நடித்தார். 1980களின் சென்னையும் சாராயமும் ஆட்டோவும் அதில் துடிப்பாக வருகின்றன. ஆனால் கேமரா விடாமல் சங்கரின் முகத்தையே தொடர்கிறது. கொல்லப்பட்டவர்கள் வந்து போகும் நிழல்கள். ஒரு குற்றவாளியைக் கதாநாயகனாக்கிவிட்டுக் கடைசியில் தண்டனை கொடுப்பதால் கணக்கு நேராகிவிடாது.

இதில் நினைவுகூர வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. சங்கர் சிறையில் இருந்தபடி தன் வரலாற்றை எழுதினார்; அதிகாரிகள் பலரோடு தனக்கிருந்த தொடர்பையும் அதில் சொன்னார். நக்கீரன் இதழ் அதை வெளியிட முனைந்தபோது சிறைத்துறையிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபர் 7ஆம் தேதி நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, இந்தியாவில் அந்தரங்க உரிமை பற்றிப் பேசும் யாரும் தாண்ட முடியாத ஆவணம். வெளிவருவதற்கு முன்பே ஓர் எழுத்தைத் தடுக்க அரசுக்கோ அதிகாரிக்கோ உரிமையில்லை. பொது ஆவணங்களில் உள்ளதை ஒருவரின் சம்மதமின்றியும் எழுதலாம். அதைத் தாண்டி ஒருவருடைய சொந்த வாழ்வுக்குள் நுழைந்தால் பொறுப்பேற்க வேண்டும். விதிவிலக்காக இன்னொன்றையும் நீதிமன்றம் சேர்த்தது: பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரை, ஆவணத்தில் இருந்தாலும், ஊரறியச் செய்து அவளை மறுபடி அவமதிக்கக் கூடாது.

உண்மைக் குற்றத் தொடர் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் இது எழுதப்பட்ட இலக்கணம். பார்ப்பவருக்கும் உதவும். ரிச்சி மேத்தாவின் ‘டெல்லி கிரைம்’ முதல் சீசன் (நெட்ஃபிளிக்ஸ், 2019) 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்முறை வழக்கை எடுத்துக்கொண்டபோது, பேருந்துக்குள் நடந்த கொடுமையைத் திரையில் காட்டவேயில்லை. அடுத்த சில நாட்கள் ஒரு பெண் அதிகாரியின் அணி தூங்காமல் செய்த வேலையைக் காட்டியது. சிறந்த நாடகத் தொடருக்கான சர்வதேச எம்மி விருது 2020இல் கிடைத்த முதல் இந்தியத் தொடர் அதுதான். காட்ட வேண்டாததைக் காட்டாமல் விட்டதால் அதன் வேகம் கொஞ்சமும் குறையவில்லை.

வீரப்பன் விஷயம் இன்னும் அருகில் இருப்பது. மேட்டூர், கொளத்தூர், பாலாறு என்று சேலம் மாவட்டத்தின் ஓரமெல்லாம் அந்தக் கதைதான். 1993 ஏப்ரல் 9 பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே வீரப்பனை ஏற்றி வந்த அதிரடிப்படையின் ஆம்புலன்சில் எழுதியிருந்தது சேலத்து மருத்துவமனை ஒன்றின் பெயர். அன்று சுட்டுக் கொல்லப்பட்டவரின் உடல் புதைக்கப்பட்டது மேட்டூரை அடுத்த மூலக்காட்டில். 2023இல் நான்கு மாத இடைவெளியில் இரண்டு ஆவணத் தொடர்கள் வந்தன: செல்வமணி செல்வராஜின் ‘தி ஹண்ட் ஃபார் வீரப்பன்’ ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில், ‘கூச முனிசாமி வீரப்பன்’ டிசம்பரில் ஜீ5இல்.

இரண்டில் ஒன்றை மட்டும் பார்ப்பது சரியாகாது. முதலாவது நான்கே எபிசோடு, வனத்துறையினர், அதிரடிப்படையினர், மனைவி முத்துலட்சுமி ஆகியோர் பேசப் பேச வேட்டையின் வரிசை தெளிவாக நிற்கிறது, வெளியூர்க்காரருக்கும் விளங்கும். இரண்டாவதில் நக்கீரன் செய்தியாளர்கள் காட்டுக்குள் போய் எடுத்த பழைய வீடியோவில் வீரப்பனே உட்கார்ந்து பேசுகிறார், சிரிக்கிறார், நடித்துக்காட்டுகிறார். அந்தக் கவர்ச்சி ஆபத்தானது. அதைத் தொடர் எல்லா இடத்திலும் கட்டுக்குள் வைத்திருப்பதாகச் சொல்ல முடியாது. ஆனால் மலை கிராமங்களின் மக்கள், தேடுதல் என்ற பெயரில் முகாம்களுக்குக் கொண்டுபோய்ச் சித்திரவதை செய்யப்பட்டவர்கள், தங்கள் வாயால் பேசுவது இதில்தான் அதிகம். தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்ததும், 2007இல் 89 பேருக்கு இழப்பீடு வழங்கச் சொன்னதும் பலருக்கு இன்றும் செய்தியாகவே இருக்கலாம். அந்த முகங்களைப் பார்த்த பிறகு ‘வேட்டை’ என்ற சொல்லின் எடை கூடிவிடுகிறது. கொளத்தூர்ப் பக்கம் உறவினர் உள்ள அம்மாபேட்டைக் குடும்பங்கள் இதைப் பெரியவர்களோடு சேர்ந்து பார்ப்பது நல்லது. திரை நிறுத்திய இடத்தில் அவர்கள் தொடர்வார்கள்.

குழந்தைகளோடு எதைப் பார்க்கலாம் என்ற கேள்விக்குத் திரையின் மூலையிலேயே ஓரளவு பதில் இருக்கிறது. ஓடிடி தொடர்களுக்குத் திரைப்படத் தணிக்கை கிடையாது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நிறுவனங்களே யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வகைப்படுத்த வேண்டும். வன்முறையா, ஆபாசமா, போதையா என்பதையும் தொடக்கத்தில் குறிப்பிட வேண்டும். 13+ முதல் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும். அந்தப் பூட்டைப் போடாத வீடுகளே அதிகம். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை வளர்ந்தவர்களுக்கானவை. குடும்பம் முழுவதும் சேர்ந்து துப்பறிய விரும்பினால் பழைய ‘மர்மதேசம்’ இன்றும் கெட்டுப்போகவில்லை.

பெரும்பாலான தொடர்கள் கைவிலங்கு மாட்டியதும் முடிந்துவிடுகின்றன. வழக்கு என்பது அங்கேதான் தொடங்குகிறது. 2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த பட்டியல் சமூகப் பொறியியல் பட்டதாரி ஒருவர் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் உடல் கிடந்தது. வேறு சாதிப் பெண்ணோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார் என்பது காரணம். முக்கிய சாட்சி பிறழ்ந்தார். விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. கோயிலின் சிசிடிவி பதிவு வழக்கைத் தாங்கிப் பிடித்தது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் கோயிலுக்கே வந்து கேமராக்கள் எங்கெங்கே இருந்தன என்று நேரில் பார்த்தார்கள். 2023 ஜூனில் தண்டனையைப் பெருமளவு உறுதி செய்தார்கள். கொலையாளி யார் என்ற மர்மம் இதில் பெரிதாக இல்லை. எட்டு ஆண்டுகள் ஒரு தாய் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கியதும், சாட்சி பிறழ்ந்த பின்னும் ஆவணத்தால் வழக்கை நிலைநிறுத்தியதும்தான் இதன் கதை.

அந்த இடத்தைத் தொட முயலும் தமிழ்த் தொடர்கள் மிகக் குறைவு. பாலாஜி செல்வராஜ் இயக்கி 2025 ஜூலையில் ஜீ5இல் வந்த ‘சட்டமும் நீதியும்’ அவற்றில் ஒன்று. மகளைக் கடத்திவிட்டார்கள் என்று புகார் கொடுத்தும் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்று ஒருவர் நீதிமன்ற வளாகத்தில் தீக்குளிக்கிறார். சரவணன் நடித்த சுந்தரமூர்த்தி, வாசலில் உட்கார்ந்து நோட்டரி கையெழுத்துப் போட்டுப் பிழைக்கும் வக்கீல். யாரும் பெரிதாக மதிக்காதவர். அவர் அந்த வழக்கைக் கையில் எடுக்கிறார். சில வாதங்கள் சினிமாவாக இருக்கின்றன. எதிர்த்தரப்பு வக்கீல் தேவைக்கு அதிகமாகக் கர்ஜிக்கிறார். ஆனாலும் ஒரு புகாரைப் பதிவு செய்யவைப்பதற்கே எவ்வளவு போராட வேண்டும் என்பதை மையமாக வைத்ததற்காக இதைப் பார்க்கலாம். ‘விலங்கு’ பார்த்து முடித்தவர்கள் அடுத்து இதை எடுத்தால், நிலையத்திலிருந்து நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு நடந்து போகும் தூரம் கண்ணுக்குப் பிடிபடும். ஏழு எபிசோடு, ஒவ்வொன்றும் சின்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்து முடித்துவிடலாம்.